அம்மாவின் வயிற்றில் ‘மெட்டாபிளேசியா’: ஒரு டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார், இன்னொருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுப் பார்க்கணும் என்கிறார்

குளச்சல்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 56 வயது. குளச்சல் பக்கம் கடற்கரை ஊர். முப்பது வருஷமாக மீன் வியாபாரம், இன்றைக்கும் விடியற்காலையில் ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து, தக்கலை பக்கம் கொண்டுபோய் விற்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். காலைச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது. பதினொரு மணிக்குப் பழஞ்சோறும் கருவாடும்.

இரண்டு மூன்று வருஷமாகவே வயிறு ஊதிக்கொள்கிறது, எரிகிறது என்பார். மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு சமாளித்தார். போன மாதம் நான் பிடிவாதமாகக் கூட்டிப்போய் எண்டோஸ்கோப்பி எடுக்க வைத்தேன். சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: ‘க்ரானிக் கேஸ்ட்ரைடிஸ், இன்டஸ்டினல் மெட்டாபிளேசியா, டிஸ்பிளேசியா இல்லை, எச். பைலோரி பாசிட்டிவ்.’

முதலில் பார்த்த டாக்டர், “இது வயதானால் பலருக்கும் இருப்பதுதான், மாத்திரையைச் சாப்பிடுங்கள், பயப்பட ஒன்றுமில்லை” என்று இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவிட்டார். மனசு கேட்காமல் இன்னொருவரிடம் போனோம். அவர், “இது புற்றுநோய்க்கு முந்தைய நிலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்” என்றார். வெளியே வந்ததும் அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பாட்டா, அதாவது அம்மாவின் அப்பா, வயிற்றுப் புற்றில்தான் போனார். அப்போது அம்மாவுக்கு இருபது வயது. கடைசி இரண்டு மாதம் கஞ்சித் தண்ணிகூட இறங்கவில்லை என்று அடிக்கடி சொல்வார். “அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துட்டுது, அப்படித்தானே?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இது புற்றுநோயா, இல்லையா? இதைக் குணப்படுத்த முடியுமா? எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்? கருவாட்டை முழுசாக நிறுத்த வேண்டுமா? நானும் தம்பியும் பரிசோதனை செய்ய வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த வாரம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை.


வேளிமலை எழுதியது:

மகளே, முதலில் அம்மாவிடம் போய் ஒன்று சொல்லுங்கள். பாட்டாவுக்கு வந்தது இது இல்லை. இது புற்றுநோயும் இல்லை. அதற்குப் போகிற பாதையில் பல படிகளுக்கு முன்னால் இருக்கிற ஒரு மாற்றம். பெரும்பாலானவர்கள் இந்தப் படியிலேயே ஆயுசு முழுக்க நின்றுவிடுகிறார்கள்.

நான் டாக்டர் இல்லை. சதை டெஸ்ட் செய்யும் லேபில் 1986 முதல் 2022 வரை டெக்னீஷியனாக வேலை பார்த்தவன். என் வயிற்றிலும் இதே மாற்றம் இருக்கிறது. என் அப்பாவும் 1998-இல் வயிற்றுப் புற்றில் இறந்தவர்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிற ‘இன்டஸ்டினல் மெட்டாபிளேசியா’ என்ற அந்தப் பெரிய வார்த்தைக்கு அர்த்தம் இதுதான். வயிற்றின் உள்தோலில் இருக்க வேண்டிய செல்கள் போய், குடலில் இருக்கிற மாதிரிச் செல்கள் அங்கே முளைத்திருக்கின்றன. வருஷக்கணக்காகப் புண்பட்டுப் புண்பட்டு ஆறுகிற இடத்தில் இப்படி ஆகும். லேபில் ஆல்சியன் ப்ளூ என்று ஒரு சாயம் போடுவோம். சாதாரண வயிற்றுத் தோல் அந்த நீலத்தைப் பிடிக்காது. குடல் மாதிரி முளைத்த, கோப்பை வடிவில் இருக்கிற இந்தச் செல்கள் மட்டும் நல்ல நீலமாகத் தெரியும். எத்தனையோ பேருடைய ஸ்லைடில் அந்த நீலப் புள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். 2015-இல் என் பெயர் எழுதிய ஸ்லைடிலும் பார்த்தேன். அன்றைக்கு எனக்கும் கை நடுங்கியது.

வரிசையைச் சொல்கிறேன். பைலோரி கிருமி வயிற்றில் குடியேறி நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும். பிறகு உள்தோல் மெலியும். அதற்குப் பிறகுதான் உங்கள் அம்மாவுக்கு இருக்கிற மெட்டாபிளேசியா. அதைத் தாண்டினால் டிஸ்பிளேசியா, அதாவது செல்கள் ஒழுங்கு கெட்டு வளர்வது, அதையும் தாண்டினால்தான் புற்று. கொரேயா என்ற நோயியல் மருத்துவர் வகுத்துச் சொன்ன வரிசை இது. ஒவ்வொரு படிக்கும் பல வருஷங்கள் ஆகும், பலர் அடுத்த படிக்குப் போவதே இல்லை. நெதர்லாந்தில் பெரிய அளவில் கணக்கெடுத்தபோது, மெட்டாபிளேசியா உள்ளவர்களில் வருஷத்துக்கு 0.25 சதவீதம் பேருக்குத்தான் புற்று வந்தது. அதாவது 400 பேரில் ஒருவர். கடுமையான டிஸ்பிளேசியா என்றால் அது 6 சதவீதமாகிவிடுகிறது. உங்கள் ரிப்போர்ட்டில் ‘டிஸ்பிளேசியா இல்லை’ என்று எழுதியிருப்பதுதான் அதில் இருப்பதிலேயே நல்ல வரி. அதை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டுங்கள்.

இனி, இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னது. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, ஆனால் இரண்டு பேருமே ஒரு கேள்வியை விட்டுவிட்டார்கள்: சதையை வயிற்றின் எந்த இடத்திலிருந்து எடுத்தார்கள்? மெட்டாபிளேசியா வயிற்றின் கீழ்ப்பகுதியில், ஆன்ட்ரம் என்கிற இடத்தில் மட்டும் கொஞ்சமாக இருந்தால் ஆபத்து குறைவு. மேலே நடுப்பகுதிக்கும் ஏறியிருந்தால் ஆபத்து கூடுதல். ஐரோப்பிய மருத்துவர்களின் 2019 வழிகாட்டி, பரவலாக இருந்தால் 3 வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறது. அப்படிப் பரவியதோடு பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்கு வயிற்றுப் புற்றும் இருந்திருந்தால் 1 முதல் 2 வருஷத்துக்கு ஒருமுறை. கீழ்ப்பகுதியில் மட்டும் இருந்து, வேறு ஆபத்துக் காரணம் எதுவும் இல்லையென்றால் திரும்பத் திரும்பப் பார்க்கத் தேவையில்லை என்கிறது. ஆனால் அப்பாவுக்குப் புற்று இருந்ததால் உங்கள் அம்மாவை அந்தக் கணக்கில் விடக்கூடாது, கீழ்ப்பகுதியில் மட்டும் இருந்தாலும் 3 வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. அமெரிக்காவில் 2020-இல் வந்த வழிகாட்டியோ எல்லோருக்கும் வழக்கமாகப் பார்க்கத் தேவையில்லை, ஆபத்து கூடியவர்களுக்கு மட்டும் பேசி முடிவெடுங்கள் என்கிறது. ஆறு மாதம் என்பது கடுமையான டிஸ்பிளேசியா இருப்பவர்களுக்கான கணக்கு. உங்கள் அம்மாவுக்கு அது இப்போது பொருந்தாது.

நான் எதில் ஏமாந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2015-இல் எனக்கு எண்டோஸ்கோப்பி எடுத்த இடத்தில் நாலு துண்டையும் ஒரே ஃபார்மலின் பாட்டிலில் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு துண்டும் அரை அரிசி அளவு இருக்கும். ஒன்றாகப் போட்டால் எது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இத்தனை வருஷம் லேபில் இருந்த எனக்கே அன்று அதைக் கேட்கத் தோன்றவில்லை. சரியான முறை என்னவென்றால், கீழ்ப்பகுதியில் இரண்டு, வளைவில் ஒன்று, நடுப்பகுதியில் இரண்டு என்று ஐந்து துண்டு எடுத்து, கீழ்ப்பகுதிக்கும் நடுப்பகுதிக்கும் தனித்தனி பாட்டில் போட்டுப் பெயர் எழுதி அனுப்ப வேண்டும். அப்போதுதான் ரிப்போர்ட் எழுதுகிறவர் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று நிலை குறிக்க முடியும். மாற்றம் சிறுகுடல் மாதிரியா, பெருங்குடல் மாதிரியா என்றும் கேளுங்கள். பெருங்குடல் மாதிரி இருந்தால், ரிப்போர்ட்டில் ‘இன்கம்ப்ளீட்’ என்று எழுதுவார்கள், அதற்கு ஆபத்து கூடுதல்.

இரண்டாவது, கிருமி. அதற்கு அன்று 14 நாள் மாத்திரை கொடுத்தார்கள். வாயெல்லாம் கசப்பு, குமட்டல், ஒன்பதாவது நாள் நிறுத்திவிட்டேன். வயிற்றெரிச்சல் குறைந்துவிட்டது, கிருமி போயிருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். போய்விட்டதா என்று பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 2018-இல் மறுபடி குழாய் விட்டபோது கிருமி அப்படியே இருந்தது. மூன்று வருஷம் வீணாய்ப் போனது. இன்றும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அந்த முறை ஐந்து துண்டும் தனித்தனியாக எடுத்தார்கள், மாற்றம் நடுப்பகுதிக்கும் ஏறியிருந்தது தெரிந்தது. நாலு மருந்து சேர்ந்த சிகிச்சை 14 நாள், ஒரு வேளைகூட விடாமல் முடித்தேன். அதில் பிஸ்மத் இருந்தால் மலம் கருப்பாகப் போகும், நாக்கும் கருக்கும். அதைப் பார்த்து ரத்தம் என்று அம்மா பயந்துவிடக் கூடாது, முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆறு வாரம் கழித்து மலத்தில் ஆன்டிஜன் டெஸ்ட் செய்து, கிருமி இல்லை என்று எழுதிய தாளைக் கையில் வாங்கின பிறகுதான் நிம்மதி வந்தது.

கிருமி போனால் மெட்டாபிளேசியாவும் போய்விடும் என்று நினைக்காதீர்கள். சிலருக்குக் குறையும், பெரும்பாலும் அது அங்கேயே நிற்கும். ஆனால் மேலே போகிற வேகம் குறைகிறது. அதுதான் நமக்கு வேண்டியது.

என் கதையின் மிச்சத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். 2020, 2022 இரண்டு முறையும் மாற்றம் எதுவும் இல்லை. 2024-இல் கீழ்ப்பகுதியில் 12 மில்லிமீட்டர் அளவில் லேசாக மேடான ஒரு திட்டு. துண்டெடுத்ததில் கடுமையான டிஸ்பிளேசியா. இரண்டு நோயியல் மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்து உறுதி செய்தார்கள். டிஸ்பிளேசியா என்று வந்தால் இந்த இரண்டாவது கண் கட்டாயம் வேண்டும். திருவனந்தபுரத்தில், வயிற்றைக் கிழிக்காமல், அதே குழாய் வழியாகவே அந்தத் திட்டை மட்டும் தோல் உரிப்பது போல எடுத்துவிட்டார்கள். நாலாவது நாள் வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போயிருக்காவிட்டால் அந்தத் திட்டு யார் கண்ணிலும் பட்டிருக்காது. உங்கள் அம்மாவுக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல வரவில்லை. தேதி வைத்துப் பார்க்கிறவனுக்கு, ஒன்று வந்தாலும் சின்னதாக இருக்கும்போதே கையில் அகப்படும் என்பதற்காகச் சொல்கிறேன். என் அப்பாவுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அல்சர் என்றாலே மிளகாயும் டென்ஷனும்தான் காரணம் என்பார்கள். இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் நோபல் கிடைத்ததே 2005-இல்தான்.

ஒரு வேலை உடனே செய்யுங்கள். லேபுக்குப் போன் செய்து, எத்தனை பாட்டில் வந்தது, சதைத் துண்டைப் பதித்து வைத்த மெழுகு பிளாக் இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். பிளாக் இருந்தால் அதிலிருந்து மறுபடி ஸ்லைடு போட்டு இன்னொருவரிடம் காட்டலாம். அதற்காக இன்னொரு தடவை குழாய் விட வேண்டியதில்லை.


நாஞ்சில் தோட்டம் எழுதியது:

தங்கச்சி, மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப் பாலும் வைத்து ஒரு மாதம் கொடுங்கள். என் அம்மாவுக்கு வயிற்றுப் புண் அதில்தான் ஆறியது. இங்கிலீஷ் மருந்து இத்தனை சேர்த்துக் கொடுத்தால் உடம்பு தாங்காது.


வேளிமலை எழுதியது:

தம்பி, கீரை கொடுக்கட்டும், நல்ல சாப்பாடுதான், என் வீட்டிலும் வைக்கிறோம். ஆனால் எரிச்சல் ஆறுவது வேறு, கிருமி சாவது வேறு. எனக்கும் எரிச்சல் ஆறித்தான் இருந்தது, கிருமி மூன்று வருஷம் உள்ளேயே இருந்தது. கீரையை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போட மட்டும் சொல்லிவிடாதீர்கள்.


மார்த்தாண்டம் அக்கா எழுதியது:

நான் ஓமானில் எண்டோஸ்கோப்பி பிரிவில் நர்ஸ், ஒன்பது வருஷமாக. அண்ணாச்சி எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஒன்றிரண்டு சேர்க்கிறேன்.

பிள்ளே, அம்மா தினமும் போடுகிற அந்த கேஸ் மாத்திரை இருக்கிறதே, பான்டோப்ரசோல், ஒமேப்ரசோல் வகை, அதைப் போட்டுக்கொண்டே கிருமி டெஸ்ட் செய்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். மூச்சு டெஸ்ட், மலம் டெஸ்ட் இரண்டுக்கும் 2 வாரம் முன்பே அதை நிறுத்த வேண்டும். ஆன்டிபயாட்டிக் முடிந்து குறைந்தது 4 வாரம் ஆகியிருக்க வேண்டும். இடையில் எரிந்தால் என்ன குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் பார்க்கிற ஆன்டிபாடி டெஸ்ட் இதற்கு உதவாது, கிருமி செத்த பிறகும் அது நெடுநாள் பாசிட்டிவ் என்றே காட்டும். நாலு மருந்தில் டெட்ராசைக்ளின் இருந்தால் பாலோடு குடிக்கக் கூடாது.

அடுத்த எண்டோஸ்கோப்பியை எங்கே எடுப்பது என்பதிலும் கவனமாக இருங்கள். சாதாரண வெள்ளை வெளிச்சத்தில் இந்தத் திட்டுகள் கண்ணுக்குத் தப்பிவிடும். நீலமும் பச்சையும் கலந்த வெளிச்சத்தில் பார்க்கிற வசதி இப்போது பல மெஷின்களில் இருக்கிறது. என்பிஐ என்பார்கள். அதில் மெட்டாபிளேசியா உள்ள இடம் ஓரத்தில் மெல்லிய வெளிர்நீலக் கோடு போட்ட மாதிரி தெரியும், துண்டைச் சரியான இடத்தில் எடுக்கலாம். குழாய் விடுவதற்கு முன் நுரை போக ஒரு மருந்து குடிக்கத் தருவோம். நுரையும் சளியும் இருந்தால் எவ்வளவு நல்ல டாக்டராலும் ஒன்றும் பார்க்க முடியாது. பார்ப்பதற்கும் நேரம் எடுக்க வேண்டும், உள்ளே குறைந்தது ஏழு நிமிஷமாவது. போன தடவை எவ்வளவு நேரம் ஆனது என்று அம்மாவுக்கு நினைவிருக்கிறதா?

கருவாடு பற்றி. எங்கள் வீட்டிலும் நெத்தோலிக் கருவாடு இல்லாமல் மரச்சீனி இறங்காது, அதனால் உங்கள் கஷ்டம் புரிகிறது. உப்பு அதிகமான சாப்பாடு வயிற்றின் உள்பூச்சை அரிக்கும், அந்தக் கிருமியோடு சேர்ந்தால் இன்னும் கெடுதல். ஃபிரிட்ஜ் வந்து, உப்பிட்டு வைப்பது குறைந்த நாடுகளில் வயிற்றுப் புற்றும் குறைந்தது. நாள் முழுக்க எல்லாம் சேர்த்து 5 கிராம் உப்புக்குள் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, ஒரு டீஸ்பூன்கூட முழுசாக வராது. தினமும் என்பதை மாதத்துக்கு ஒன்றிரண்டு என்று ஆக்குங்கள், சமைக்கும் முன் ஊறவைத்து இரண்டு தண்ணி மாற்றிக் கொட்டுங்கள். வீட்டில்தான் பச்சை மீன் இருக்கிறதே, சாளையைக் குழம்பு வைத்துக் கொடுங்கள். உப்பு மாங்காயையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

நீங்களும் தம்பியும் கிருமி டெஸ்ட் செய்துகொள்ளத்தான் வேண்டும். இது சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. அம்மாவின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள், புற்று வந்தது அவர்களுடைய அப்பாவுக்கும்தானே. அம்மாவுக்கு பி12, இரும்புச் சத்து, ஹீமோகுளோபின் மூன்றும் ஒருமுறை பாருங்கள், உள்தோல் மெலிந்தால் இவை குறையும்.

எடை இறங்கினாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, பிஸ்மத் சாப்பிடாத நாளில் மலம் தார் மாதிரி போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே போய்விடுங்கள்.


குளச்சல்காரி எழுதியது:

அண்ணாச்சி, அக்கா, இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ‘400 பேரில் ஒருவர்’ என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடி படிக்கச் சொன்னார்.

லேபில் கேட்டுவிட்டேன். ஒரே பாட்டில்தான் வந்ததாம், மூன்று துண்டு. பிளாக் இருக்கிறது, எழுதிக் கொடுத்தால் தருவார்களாம். இரண்டாவது டாக்டரிடம் மறுபடி போய், துண்டு எங்கிருந்து எடுத்தது என்று தெரியவில்லையே, ஆறு மாதம் என்பது எதை வைத்து என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, “நீங்கள் கேட்பது சரி, முதலில் கிருமியை ஒழிப்போம், அப்புறம் இடம் இடமாக எடுத்துப் பார்த்துவிட்டு எத்தனை வருஷம் என்று முடிவு செய்வோம்” என்றார். நாலு மருந்து, 14 நாள். நேற்று ஆரம்பித்தாயிற்று. வேளைக்கு ஒரு கட்டமாகக் காலண்டரில் கோடு போட்டு ஒட்டியிருக்கிறேன். போட்டதும் அம்மாவே பேனாவால் அடித்துவிடுகிறார். எனக்கும் தம்பிக்கும் மலம் டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

போன தடவை குழாய் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். “ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடிக்குமுன்ன எடுத்துட்டாவ” என்றார்.

அடுத்த எண்டோஸ்கோப்பிக்கு டாக்டர் மே மாதக் கடைசி என்றார். அம்மா ஜூன் இரண்டாம் வாரம் கேட்டு வாங்கியிருக்கிறார். ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து இங்கே விசைப்படகு கடலுக்குப் போகாது, ஏலமும் இராது, அப்போதுதான் வியாபாரம் கெடாமல் வர முடியுமாம்.